3 அங்குலம் உயர்த்தியபின் அதிர்வு, அவசரம்

சேற்றுச்சக்கரம்: ஜீப்பை 3 அங்குலம் உயர்த்தினேன். 60 கிலோமீட்டரைத் தாண்டினால் தரையே ரீங்காரமிடுகிறது. 80இல் பின்பார்வைக் கண்ணாடியில் எதுவும் தெரிவதில்லை. நாளை மறுநாள் நெடும்பயணம். உதவுங்கள்.

கிரீஸ்கை: சஸ்பென்ஷன் பட்டை வில்லா, சுருள்வில்லா? பின் ஷாஃப்ட்டில் (பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு) எத்தனை கிராஸ் (கோணத்திலும் சுழலவிடும் மூட்டு)? ஆக்சிலரேட்டரை விட்டாலும் அதிர்கிறதா?

வட்டப்பித்தன்: டயர்தான். பாலன்ஸ் பாருங்கள். எனக்கும் இப்படித்தான் இருந்தது.

சேற்றுச்சக்கரம்: பட்டை. டயரை மாற்றவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டாலும் அதிர்கிறது.

கிரீஸ்கை: டயர் கோளாறு சக்கரச் சுற்றுக்கு ஒருமுறை உதைக்கும். ஷாஃப்ட் அதைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சுழல்வதால் ரீங்காரமாகத்தான் கேட்கும். கிராஸ் எத்தனை என்று இன்னும் சொல்லவில்லையே?

பழையஇரும்பு: ஷாஃப்ட் கோணத்தை அளக்காமல் கேள்வி கேட்பது, காய்ச்சலைப் பார்க்காமல் மருந்து கேட்பதைப் போல. இதையே எத்தனை முறை எழுதியாயிற்று. படித்தால்தானே!

மண்மேடு: டிரான்ஸ்ஃபர் கேஸை (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) ஓர் அங்குலம் இறக்குங்கள், தீர்ந்தது.

பழையஇரும்பு: உயர்த்திவிட்டு வயிற்றைத் தொங்கவிடுவதா? பாறையில் முதலில் இடிப்பது அதுதான்.

மண்மேடு: எல்லாரும் பாறை ஏறுவதில்லை ஐயா. நான் அப்படித்தான் வெகுகாலமாக ஓட்டுகிறேன்.

பழையஇரும்பு: ஓட்டுவது வேறு, சரியாக ஓட்டுவது வேறு.

சேற்றுச்சக்கரம்: முனைக்கு ஒன்றாக இரண்டு கிராஸ். கைப்பேசியை வைத்து அளந்தேன்: டிரான்ஸ்ஃபர் கேஸ் 3 டிகிரி, ஷாஃப்ட் 11, பினியன் (பின் அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரத் தண்டு) 7. உயர்த்தும் சாமான்களோடு வந்த 4 டிகிரி ஆப்புத் தகட்டையும் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே வைத்திருந்தேன்.

கிரீஸ்கை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! முன் கிராஸில் 11இல் 3 போக 8. பின்னால் 11இல் 7 போக 4. கோணத்தில் சுழலும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். முன்னது செய்யும் குளறுபடியைப் பின்னது ஈடுகட்ட வேண்டுமானால் இரு கோணமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு டிகிரிக்குள். பினியன் ஷாஃப்ட்டை நோக்கி நிமிர வேண்டியது முன்முனையில் இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்ட்டுக்கு. உங்களுடையது அதுவல்ல. ஆப்பைக் கழற்றினால் பினியன் 3க்குத் திரும்பும். முன்னும் 8, பின்னும் 8. 8 என்பதே அதிகம்தான், கிராஸ் சீக்கிரம் தேயும். இரு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே வரிசையில் உள்ளனவா என்றும் பாருங்கள்.

வட்டப்பித்தன்: இருந்தாலும் டயரையும் ஒருமுறை பாருங்கள்.

மண்மேடு: ஆப்பு அலுமினியமா? அது நசுங்கிப் பிளக்கும், எஃகுதான் நல்லது.

பழையஇரும்பு: கழற்றச் சொன்ன பொருளுக்கு எந்த உலோகமானால் என்ன?

சேற்றுச்சக்கரம்: ஆப்பைக் கழற்றிவிட்டேன். 80இல் கண்ணாடி தெளிவாகத் தெரிகிறது. 95க்கு மேல் லேசாக இருக்கிறது. கிளம்புகிறேன், நன்றி.

கிரீஸ்கை: யோக் வரிசை பார்த்தீர்களா?