மறு: பேட்டரி ஷீல்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

இழையில் பிந்திச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அம்பாசமுத்திரத்துத் தம்பி நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகன்ட்ரோலர்) பயிற்சிப் பலகைகளோடு செருகிக்கொள்ள ஒரு பேட்டரி பலகை வடிவமைக்கிறார். 18650 என்னும் உருளை வடிவ லித்தியம் செல் ஒன்று, யு.எஸ்.பி. வழியாகச் சார்ஜ். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வந்து சேரும் குளம் ஒன்றில் நீர்மட்டம் பார்க்கும் கருவிக்கு அது போகிறது. பிசான நெல் பருவத்துக்குத் தண்ணீர் திறக்கும்முன் வைத்துவிட வேண்டுமாம். பலகையிலும் கையேட்டிலும் தமிழ்ப் பெயர் வேண்டும் என்கிறார்.

அண்ணாச்சி 'மின்கலக் கேடயம்' என்றீர்கள். கோவிக்கக் கூடாது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஷீல்டு என்பது இப்படிச் செருகும் பலகைக்கு ஆர்டுயினோ பயிற்சிப் பலகைக்காரர்கள் வைத்த பெயர். ராஸ்பெர்ரி பை 2014-இல் ஹேட் என்றது. பீகிள்போனுக்குக் கேப், ஃபெதருக்கு விங், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பலகைகளுக்கு பூஸ்டர்பேக். ஆளுக்கொரு செல்லப்பெயர்தான் இவை. ஒன்றைக் கேடயம் ஆக்கினால் தொப்பி, போர்வை, சிறகு என்று வரிசை கட்டி வரும், பொருள் என்னவோ ஒன்றுதான். தவிர, இந்தப் பலகையிலேயே செல்லைக் காக்கும் சுற்று தனியாக இருக்கிறது. கேடயம் என்றதும் படிக்கிறவன் அதைத்தான் நினைப்பான்.

அடுத்து வந்தது 'மீள்மின்னேற்றத்தக்க மின்கல அடுக்குத் துணைப்பலகை'. பொருளில் பிழையில்லை, மூச்சுதான் போதவில்லை. ஒரே ஒரு செல் இருக்கும் இடத்தில் அடுக்கு என்ற சொல்லுக்கு வேலையும் இல்லை. துணை என்பதில் இன்னொரு சிக்கல்: பள்ளிப் புத்தகத்தில் சார்ஜ் ஏற்றக்கூடிய செல்லுக்கே 'துணை மின்கலம்' என்றுதான் பெயர். துணை மின்கலத் துணைப்பலகை என்று எழுத வேண்டி வரும். அந்தப் பாடநூல் சொல் மேலேயே எனக்கு வருத்தம் உண்டு. துணை மின்கலம் என்று படிக்கிற பிள்ளை ஏதோ உபரியாக வைத்திருக்கும் செல் என்றுதான் புரிந்துகொள்ளும். சார்ஜ் ஏறும் என்ற ஒரே முக்கியமான சேதி அதில் இல்லை.

ஆனால் அந்தச் சேதிக்கு நம் பேச்சில் சொல் இருக்கிறது. 'சார்ஜ் ஏறுது', 'ஏறவே மாட்டேங்குது', 'அதுக்குள்ள இறங்கிருச்சு' என்று ஜங்ஷன் செல்போன் கடையில் நாள் முழுக்கக் கேட்கலாம். சார்ஜ் என்பது இரவல், ஏறுவதும் இறங்குவதும் நம்முடையவை. அதனால் செல்லுக்கு நான் சொல்வது: ஏறுகலம்.

இது வினைத்தொகை. ஏறிய கலம், ஏறுகின்ற கலம், ஏறும் கலம் என மூன்று காலமும் உள்ளே அடங்கும். திரும்பத் திரும்ப ஏற்றலாம் என்பதைச் சொல்ல 'மீள்' என்று தனியாக ஒட்ட வேண்டியதில்லை, தொகையே சொல்லிவிடுகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் 'ஏறுக்கலம்' என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

பலகைக்குச் செருகுபலகை. இதுவும் வினைத்தொகைதான். கணினிப் பக்கம் செருகுநிரல் (பிளக்-இன்) ஏற்கெனவே புழங்குகிறது, அதன் உறவுக்காரனாக இது இருக்கட்டும். மேற்பலகை என்று ஒருவர் எழுதியிருந்தார். பேட்டரி பலகை பல வேளைகளில் அடியில்தான் உட்காரும், உணரிப் பலகை மேலே வர வேண்டுமே. மேலோ கீழோ, ஊசிகளைச் செருகுவது மாறாது. ஆக முழுப்பெயர் 'ஏறுகலச் செருகுபலகை'.

அப்புறம், பெயரோடு வேலை முடியவில்லை. தம்பி அனுப்பிய சுற்றுப்படத்தைப் பார்த்தேன். கையேடு எழுத உட்கார்ந்தால் உள்ளே இன்னும் சில உறுப்புகளுக்குப் பெயர் வேண்டியிருக்கும், அதில் ஒன்று படத்திலேயே இல்லை.

சார்ஜ் ஏற்றும் டி.பி. 4056 சில்லு செல்லை 4.2 வோல்ட் வரை ஏற்றும். ஏற்றும் மின்னோட்டத்தை ஒரு மின்தடை தீர்மானிக்கிறது, 1.2 கிலோ ஓம் வைத்தால் 1 ஆம்பியர். செல் நிறைய நிறைய மின்னோட்டம் குறைந்து, வைத்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கு வரும்போது சில்லு ஏற்றுவதை நிறுத்தும். தம்பி படத்தில் பயிற்சிப் பலகையின் கம்பியும் அதே செல் முனையில் நேராக நிற்கிறது. இ.எஸ்.பி. 32 வகைப் பயிற்சிப் பலகை வைஃபையோடு ஓடும்போது இழுக்கும் மின்னோட்டம் எளிதாக 100 மில்லி ஆம்பியரைத் தாண்டும். செல் நிறைந்த பிறகும் சில்லின் கண்ணுக்கு மின்னோட்டம் குறையாது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்து 4.2 வோல்ட்டிலேயே பிடித்து வைக்கும். லித்தியம் செல்லின் ஆயுளுக்கு அது ஆகாது.

இதற்கு வழி: யு.எஸ்.பி. செருகியிருக்கும்வரை பயிற்சிப் பலகை, மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஷாட்கி டையோடு வழியாக யு.எஸ்.பி.யிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும், சில்லு செல்லை மட்டும் கவனிக்க வேண்டும். வடத்தை உருவியதும் சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு பி வகை மாஸ்ஃபெட் திறந்து செல்லிலிருந்து விட வேண்டும். இந்த அமைப்புக்கு 'மின்வழிப் பகிர்வி' என்று எங்கோ பார்த்தேன். பகிர்வது இல்லையே இது, திருப்பிவிடுவது. ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறப்பதைக் குளத்துப்பாசனக்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டாம். 'மடைமாற்றி' போதும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏறு என்ற வேரைச் சார்ஜுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். 3.7 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்கும் சுற்றை 'மின்னழுத்த ஏற்றி' என்று எழுதுகிறார்கள். மின்னேற்றி (சார்ஜர்) பக்கத்திலேயே இருக்கும்போது அது வம்பு. 'உயர்த்தி' என்போம். அந்த உயர்த்தி தேவையா என்பது வேறு கேள்வி. 5 வோல்ட்டுக்கு உயர்த்தி, பயிற்சிப் பலகையில் மறுபடி 3.3-க்கு நேரியல் சீராக்கியில் (லீனியர் ரெகுலேட்டர்) இறக்கினால், அந்த இறக்கத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு சூடாகப் போகும். உயர்த்தாமல் ஏ.எம்.எஸ். 1117 என்னும் அந்த வகைச் சீராக்கிக்குச் செல்லை நேராகக் கொடுக்கவும் முடியாது, அதற்கு வெளியீட்டைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக வேண்டும். இழப்பு குறைந்த சீராக்கி ஒன்றைச் செருகுபலகையிலேயே வைத்து 3.3 ஊசிக்கு நேராகக் கொடுப்பதுதான் குளக்கரைக் கருவிக்கு நல்லது.

வெயிலையும் மறக்க வேண்டாம். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான வரம்பு. சித்திரை வெயிலில் மூடிய டப்பாவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும். டி.பி. 4056-இல் வெப்பம் பார்க்க ஒரு கால் இருக்கிறது. மலிவு மாட்யூல்களில் அதைத் தரையோடு (கிரவுண்டு) இணைத்துவிடுவார்கள், தம்பி படத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அதில் ஒரு வெப்பத்தடை (தெர்மிஸ்டர்) போடுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

---

> ஏறுகலம்

பாளையங்கோட்டைத் தம்பிக்கு. கேடயத்தை விட்டுக்கொடுத்தேன், போகட்டும். ஆனால் கலம் என்றால் கப்பலும் உண்டு. ஏறுகலம் என்று வாசித்ததும் தூத்துக்குடித் துறைமுகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஏறு என்றால் காளை வேறு. மடைமாற்றி மிக நன்று. அதே போக்கில், அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் காப்புச் சுற்றுக்கு 'மறுகால்' என்று வைத்தால் என்ன? குளம் நிறைந்தால் மறுகால் பாயும்தானே.

---

அண்ணாச்சி, மின்கலம் என்பதிலும் அதே கலம்தான், அதைப் பார்த்து யாரும் கப்பல் ஏறவில்லை. பேட்டரி பேச்சுக்கு நடுவே வரும்போது குழப்பம் இருக்காது. தனியாகத் தலைப்பில் வரும் இடத்தில் மட்டும் 'ஏறு மின்கலம்' என்று விரித்து எழுதலாம்.

மறுகால் வேண்டாம். மறுகாலில் மிச்சத் தண்ணீர் வெளியே போகிறது. இங்கே எதுவும் வழிந்து போவதில்லை, காப்புச் சுற்றின் டி.டபிள்யூ. 01 சில்லு மாஸ்ஃபெட்டை அடைத்து வரவையே நிறுத்திவிடுகிறது. அழகான சொல்தான், ஆனால் படிக்கும் பையனுக்குத் தப்பான படம் போய்ச் சேரும். அது 'காப்புச் சுற்று' என்றே இருக்கட்டும். இன்னொன்று, அந்தச் சில்லு செல் 2.4 வோல்ட் வரை இறங்கிய பிறகுதான் துண்டிக்கும், அதைக் கடைசிக் காவலாக மட்டும் வைத்து 3 வோல்ட்டிலேயே கருவியை நிரலால் தூங்கவைக்க வேண்டும். கையேட்டில் 'இறக்க வரம்பு' என்று எழுதலாம்.

---

அண்ணே, அண்ணாச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. மடைமாற்றியைப் படத்தில் சேர்த்துவிட்டேன். வெப்பத்தடைக்கும் இடம் ஒதுக்கியாகிவிட்டது.

பலகையில் அச்சிடுவதில் ஒரு சிக்கல். சுற்றுப்பலகை வரையும் கிகேட் மென்பொருளின் 7-ஆம் பதிப்பு வந்த பிறகு தமிழ் எழுத்துரு வைக்க முடிகிறது, ஆனால் 1 மி.மீ. உயரத்தில் ணை, ஞ் எல்லாம் சுழிக்குள் மை அடைத்துக் கரும்புள்ளி ஆகிவிடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் 'ஏறுகலச் செருகுபலகை' முழுதும் செல் கூட்டுக்குப் பக்கத்தில் கொள்ளவில்லை. பின்பக்கம் முழுப்பெயரும் முன்பக்கம் 'ஏறுகலம்' மட்டும் போடட்டுமா? சார்ஜ் ஏறும்போது எரியும் சிவப்பு விளக்குக்கும் நிறைந்ததும் எரியும் பச்சைக்கும் என்ன எழுத?

---

தம்பி, அப்படியே செய்யுங்கள். சிவப்புக்கு 'ஏறுது', பச்சைக்கு 'நிறைஞ்சுது' என்று பேச்சிலேயே போடலாம் என்று ஆசைதான். அண்ணாச்சி ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 'ஏற்றம்', 'நிறைவு' என்று போடுங்கள், சுழி குறைவு, மை அடைக்காது.