மறு: பபிள் டீ – ‘குமிழித் தேநீர்’ வேண்டாம், ‘முத்துத் தேநீர்’ பொருந்தும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சிறு உருண்டைகள் இட்ட தேநீர்ப் பானமான பபிள் டீயைத் தமிழில் ‘குமிழித் தேநீர்’ என்று வழங்கலாம் என நம் குழுவில் நண்பர் ஒருவர் முன்மொழிந்ததை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அதற்கு ஒரு காரணம் அப்பெயரின் வரலாறு. மற்றொன்று, சென்ற ஞாயிறன்று இங்கே மும்பையில், செம்பூர்க் கடை ஒன்றில் அம்மாவுடன் நின்றபோது நேர்ந்தது.

இப்பானம் 1980களில் தைவானில் பிறந்தது. தைச்சுங் நகரின் சுன் ஷுயி தாங், தைனான் நகரின் ஹன்லின் ஆகிய இரு தேநீர்க் கடைகளும் தாமே முதலில் செய்ததாக உரிமை கோருகின்றன. ஆனால் தேநீரில் உருண்டைகள் சேர்வதற்கு முன்பே, அதைப் பனிக்கட்டியோடு மூடிக் குலுக்கும்போது மேலே திரளும் நுரையைக் கொண்டு, அங்கே அதற்கு ‘நுரைத் தேநீர்’ என்ற பெயர் இருந்தது. ஆங்கிலத்தின் ‘பபிள்’ குறித்தது அந்த நுரையைத்தான். அடியில் கிடக்கும் கருநிற உருண்டைகளை மனத்தில் வைத்து நாம் குமிழி என்று சொன்னால், உள்ளே காற்றே இல்லாத கெட்டிப் பொருளுக்கு அப்பெயரைச் சூட்டியவர்கள் ஆவோம். சீன மொழியில் பெருவழக்காக உள்ள ‘ஜென்ஜூ நைச்சா’ என்பதற்கு முத்துப் பால்தேநீர் என்றே பொருள். நாமும் மாதுளை முத்து, ஆமணக்கு முத்து என்று சொல்லிப் பழகியவர்கள் என்பதால், ‘முத்துத் தேநீர்’ எவருக்கும் விளக்காமலே விளங்கும். ‘மணித் தேநீர்’ என்ற பரிந்துரையும் அழகானதே. எனினும் நாலு மணித் தேநீர் குடிக்கும் வீடுகளில் அது நேரத்தைக் குறிப்பதாகவே காதில் விழும். தேயிலை சேராதவற்றை முத்துப்பால் என்றும், அனைத்துக்கும் பொதுவாக முத்துப்பானம் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

உண்மையான சிக்கல் முத்துகளின் வகைகளில்தான் இருக்கிறது. இந்த உருண்டைகளைக் கடைகளில் போபா என்பார்கள். கடைக்காரர் இந்தியில் ‘போபாவா, பாப்பிங் போபாவா, கிரிஸ்டல் போபாவா’ என்று கேட்டார். அவை என்ன என்று அம்மா என்னிடம் கேட்டபோது, எல்லாம் ஜவ்வரிசி மாதிரிதான் என்று சொல்லிவிட்டேன். பாயசத்து ஜவ்வரிசியை நினைத்து அம்மா முதல் வகையைத் தேர்ந்தெடுத்தார். பாயசத்தில் அது சிறியது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இதுவோ சுண்டைக்காய் அளவுக்கு வந்து, பல் செட்டில் ஒட்டிக்கொண்டது. பாதிக் குவளையை அப்படியே வைத்துவிட்டார். பிறகு பேத்தியின் குவளையில் இருந்த பாப்பிங் வகையைச் சுவைத்துப் பார்த்து, நாக்கால் அழுத்தினாலே உடைகிறதே, இதை வாங்கியிருக்கலாமே என்றார். குழுவில் எழுந்த ‘ஜவ்வரிசித் தேநீர்’ என்ற பரிந்துரையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். முத்தின் பெயர், அது வாயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வாங்குகிறவருக்கு முன்னதாகவே சொல்ல வேண்டும்.

முதல் வகை மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்வது. அந்த வகையில் அது ஜவ்வரிசிக்கு உடன்பிறப்புதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலத்து ஜவ்வரிசியும், இந்த ஊரில் ஏகாதசிக்குச் செய்யும் சாபுதானா கிச்சடியும் அந்தக் கிழங்கிலிருந்தே வருகின்றன. இதற்கு ‘மாவுமுத்து’ என்று பெயரிட்டால், மாவாக உதிரும் உருளைக்கிழங்கு நினைவுக்கு வந்து, இழுபடும் தன்மைக்கு நேரெதிரான பொருள் தோன்றும். மெல்லுதல் என்ற வினையிலிருந்து ‘மென்முத்து’ என்று அமைத்தால், மென்பொருளையும் மென்பானத்தையும் போல மென்மையானது என்றே எவரும் படிப்பர். மெல்லுதலையே குறிக்கும் சவைத்தலிலிருந்து அமையும் ‘சவைமுத்து’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அதை அச்சுப்பிழை என்று எண்ணிச் ‘சுவைமுத்து’ எனத் திருத்திவிடுவார்கள். எனவே, ஜவ்வு மிட்டாய் தின்ற எவருக்கும் தெரிந்த சொல்லைக் கொண்டு ‘ஜவ்வுமுத்து’ என்பதை முன்வைக்கிறேன்.

கிரந்த எழுத்தை விலக்கிச் ‘சவ்வுமுத்து’ என்று எழுதலாமே என்று சிலர் கேட்பீர்கள். அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன், பல இடங்களில் நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் உயிரியல் பாடத்தில் சவ்வு என்பது மெல்லிய உறையைக் குறிக்கும்; இரண்டாம் வகை முத்துக்கு இருப்பதே அத்தகைய உறைதான். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், கால்சியம் உப்பைத் தொட்டவுடன் பழச்சாற்றைச் சுற்றி மெல்லிய படலமாக உறைகிறது; பல்லோ நாக்கோ அழுத்தும்போது அது கிழிந்து சாறு தெறிக்கிறது. சவ்வே இல்லாததைச் சவ்வுமுத்து என்று சொல்லிவிட்டு, சவ்வு உள்ளதற்கு வேறு பெயர் தேடுவது பெருங்குழப்பமாகும். இந்த இரண்டாம் வகையைச் ‘சாற்றுமுத்து’ என்று அழைக்கலாம். ‘வெடிமுத்து’ என்பது காதுக்கு விறுவிறுப்பாக இருந்தாலும் தீபாவளியை நினைவூட்டுகிறது. உள்ளே நீர்மம் இருப்பதை அது சொல்வதும் இல்லை.

மூன்றாவதான கிரிஸ்டல் வகைக்கு நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அது அகர் எனப்படும் கடற்பாசிக் கூழிலோ, நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த கொன்யாக்குக் கிழங்கின் மாவிலோ செய்யப்படுகிறது, ஒளி ஊடுருவும், கடித்தால் ஜவ்வாக இழுபடாமல் நறுக்கென்று துண்டாகும். ரமலான் நோன்பு திறக்கையில் கடல்பாசி உண்பவர்களுக்கு இந்தப் பதம் நன்றாகத் தெரியும். ‘பாசிமுத்து’ எனலாம் என்றால், கழுத்தில் அணியும் பாசிமணி குறுக்கே வருகிறது. கொன்யாக்கில் செய்தவற்றுக்கு அது பொருந்தவும் செய்யாது. ‘பளிங்குமுத்து’ தோற்றத்தைச் சரியாகச் சொல்கிறது, பதத்தைச் சொல்லவில்லை. நறுக்கென்று கடிபடும் அந்தப் பதத்துக்கு உங்கள் ஊர் வழக்கில் தனிச்சொல் இருந்தால், அதைப் பயன்படுத்தும் வாக்கியம் ஒன்றோடு எழுதுங்கள்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து