வரைபடத்தில் இல்லாத சலதாரை

பின்கட்டு எழுதியது:

மழை வெள்ளத்தைத் தாங்கும் ஊர், நகரத் திட்டம் என்று கூட்டம் போட்டு நம்மையும் கூப்பிடுகிறார்களே, போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். ஐப்பசி மழைக்கு முன்னால் வடிகால் திட்டத்துக்குக் கருத்துக் கேட்க மண்டபத்தில் கூட்டம். காபி, வடை, வெள்ளைத் திரை. வந்தது முப்பது பேர் இருக்கும். அதில் பாதி, எந்தக் கூட்டம் நடந்தாலும் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் (நானும் அதில் சேர்த்தி). பொறியாளர் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, “ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்றார். திட்டம் முடிந்துபோன பிறகு சந்தேகம்தானே கேட்க முடியும்!

எதிர்வீட்டு ஆச்சி எழுந்தார்கள். “தம்பி, எங்க வீட்டு முத்தத்துத் தண்ணி எங்க போகுதுன்னு அதுல காட்டுங்க.”

காட்ட முடியவில்லை. நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. ஓட்டுச் சரிவில் விழும் மழை முற்றத்தில் இறங்கும். அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தளத்துக்கு அடியில் இருக்கும் சலதாரை என்ற மூடுவடிகால் வழியாகத் தெருவுக்குப் போய், அங்கிருந்து வரத்துக்கால் என்ற வாய்க்கால் பிடித்து ஊர்க்குளமான ஊருணிக்குப் போகும். திரையில் தெரு வாய்க்கால் மட்டும்தான் நீலக் கோடாக இருந்தது. வீட்டுக்கு அடியில் ஓடுவதை எந்த சர்வே எடுக்கும்?

“கோயிலுக்குப் பக்கத்து வீட்டை இடிச்சு மண்டபம் கட்டினாகள்ல, அப்ப அடைச்சாக. அதுக்கப்புறந்தான் எங்க பின்கட்டுல தண்ணி ஏறுது” என்றார்கள் ஆச்சி. நாங்கள் அப்போது உட்கார்ந்திருந்தது அதே மண்டபத்தில்! யாரும் சிரிக்கவில்லை.

பொறியாளரைப் பாராட்ட வேண்டும். மறுநாள் காலை வந்துவிட்டார். ஆச்சி முன்னால் நடக்க, அவர் சுண்ணக்கட்டியால் தரையில் குறி போட்டுக்கொண்டே இரண்டு மணி நேரம் கூடவே போனார். வீடு வீடாக, வளவு வளவாக ஏறி இறங்கியதில், அடைபட்ட இடம் இன்னும் மூன்று கிடைத்தன.

சந்தைப்பேட்டை எழுதியது:

நான் வியாபாரி, சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் கூட்டம் வைத்தது சந்தை நாளில், காலை 11 மணிக்கு. கடையை யாரிடம் விட்டுவிட்டு வருவது? தம்பியை உட்காரவைத்துவிட்டு அரை மணி நேரம் போனேன். மேடையில் பேசிய யாருக்கும் எந்தச் சாக்கடை மூடியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது. தெரிந்த ஆள், தினமும் அதைத் திறக்கிற துப்புரவுத் தொழிலாளி, வாசலில் நின்று தண்ணீர் கேன் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். “நீங்க சொல்லுங்கண்ணே” என்றேன். “நமக்கு எதுக்குப்பா, கேட்டா சொல்லலாம்” என்றார். கடைசிவரை கேட்கவில்லை.

கொண்டுவிக்கப்போனவன் எழுதியது:

ஊரில் வீடு, சென்னையில் பிழைப்பு. 2015 வெள்ளத்தில் முதல் மாடியில் மூன்று நாள் மாட்டியிருந்தவன். 2019-இல் சென்னைக்கென்று பேரிடர் தாங்குதிறன் திட்டமே வெளியானது. அதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்தான் நினைவில் வந்தது. இங்கே கருத்துச் சொல்ல ஆள் இருக்கிறது, ஊரில் வீட்டுக்காரரே இல்லையே!

பின்கட்டு சொன்ன சலதாரை மாதிரி எங்கள் வளவிலும் ஒன்று உண்டு. அதைத் திறந்துவிடச் சம்மதம் கேட்டுப் பூட்டிய கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பங்காளிகள் 27 பேர், நாலு நாட்டில் இருக்கிறோம். கதவில் ஒட்டியதை யார் பார்ப்பது? பார்த்தது, பின்கட்டில் காவலுக்கு இருக்கும் குடும்பம். மழையில் கட்டிலைத் தூக்கிச் செங்கல் மேல் வைக்கிறவர்களும் அவர்கள்தான். ஆனால் கையெழுத்துப் போடும் உரிமை எங்களுக்கு!

அப்புறம் ஒரு வழி கிடைத்தது. நகரத்தாருடைய நகரக் கோயிலில் புள்ளி வரி (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) வாங்கக் கணக்கு இருக்கிறதல்லவா? எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று அதில் இல்லாத விலாசம் இல்லை. கோயில் நிர்வாகம் பார்க்கும் காரியக்காரரிடம் சொல்லி, வரிக் கடிதத்தோடு சம்மதக் கடிதத்தையும் அனுப்பவைத்தோம். ஒன்றரை மாதத்தில் 24 கையெழுத்து வந்தது. மீதி மூன்று பேர் சொத்துத் தகராறில் இருக்கிறார்கள், அது தனிக் கதை.

காவல் குடும்பத்தையும் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லி நான் எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை.

கண்மாய்க்கரை எழுதியது:

ஒரு தகவல். தனிக் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் 2022-இல் சேர்ந்தவை. நகரங்களில் வார்டு குழு, பகுதி சபாவுக்கு (வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் சபை) விதிகள் வந்ததும் அதே ஆண்டுதான். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டதால் அங்கே இருப்பவர்கள் பகுதி சபாவைக் கேட்க வேண்டும். பேசுவதோடு விடாமல், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். எங்கள் வரத்துக்கால் ஆக்கிரமிப்பைப் பற்றி இரண்டு வருடம் பேசினோம், புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

பின்கட்டு எழுதியது:

சந்தைப்பேட்டை அண்ணே, அந்தத் துப்புரவுத் தொழிலாளி கதையைப் பொறியாளரிடம் சொன்னேன். அடுத்த முறை குறி போட நடக்கும்போது எங்கள் ஊர்த் துப்புரவுத் தொழிலாளியையும் கூப்பிடுகிறாராம், அன்றைய கூலியோடு. இப்போதுதான் போன் வந்தது. “ஆச்சி நாளைக்கு வீட்ல இருப்பாகளா?” என்று கேட்டார்.