தாயம் விழ 1/7-ஆ, 1:7-ஆ?

கொழிஞ்சாம்பாறை மளிகைக்கடை:
பொண்ணு பத்தாவது, தமிழ் மீடியம். டியூஷன்ல ஒரு கணக்கு: ரெண்டு தாயக்கட்டையை உருட்டினா தாயம் விழ சாதக, பாதக விகிதம் என்ன? வீட்டுப் பித்தளைக் கட்டையை எடுத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் வெறுமை, மத்த மூணுல 1, 2, 3 புள்ளி. விழறது தாயம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, பன்னெண்டு. ஆக ஏழுல ஒண்ணுன்னு 1/7 எழுதினா. விடையில 1:7. அதேதானேன்னு நானும் தலையாட்டிட்டேன். மறுநாள் சார் அந்த விடையைத் தப்புன்னு அடிச்சுட்டார். எனக்குத் தெரிஞ்சது பில் கணக்குதான். ரெண்டும் ஏழுதானே, எங்க தப்பு?

வேலந்தாவளம் டீச்சர்:
அண்ணா, அந்த ஏழு வேற, இந்த ஏழு வேற. ஏழு விதமா விழும், ஆனா ஏழும் சமமா விழாது. ஒரு கட்டையில நூல் கட்டுங்க. அதுக்கு 4 பக்கம், மத்ததுக்கு 4, மொத்தம் 16 வழி. தாயம்னா ஒண்ணு வெறுமை, இன்னொண்ணு 1. அந்த 1 நூல் கட்டையிலயும் வரலாம், மத்ததுலயும் வரலாம், 2 வழி. மூணுக்கு 4 வழி. பன்னெண்டுக்கு ரெண்டும் வெறுமையா விழணும், ஒரே வழி. அப்ப தாயத்தோட நிகழ்தகவு 2/16, அதாவது 1/8. சாதகம்னா தாயம் விழற வழி, 2. பாதகம்னா விழாத வழி, 14. அதான் 1:7. பின்னமா எழுதறப்ப ரெண்டு பங்கையும் கூட்டி எட்டைக் கீழ போடணும்.

மீனாட்சிபுரம்:
2003-ல தமிழ்நாட்டுல லாட்டரியைத் தடை பண்ணினதுல இருந்து அந்தப் பக்கத்து ஆளுங்க இங்க கேரளாவுக்கு வந்துதான் வாங்கறாங்க. “விழும், இல்ல விழாது, ரெண்டே ரெண்டு, பாதிக்குப் பாதி”ம்பாங்க. கடைசி நாலு இலக்கம் ஒத்துப்போகவே 10,000-ல ஒண்ணு! அது கிடக்கட்டும். தாயம் மூணு தடவை உருட்டினா 3/8 தானே டீச்சர்?

வேலந்தாவளம் டீச்சர்:
அப்படின்னா எட்டு உருட்டுல கட்டாயம் விழணுமே! தாயம் விழாம ராத்திரி முழுக்க உட்கார்ந்தவங்களைக் கேளுங்க. மூணுலயும் விழாம போறது 7/8 × 7/8 × 7/8 = 343/512. ஒரு தடவையாவது விழறது மிச்சம், 169/512.

கொழிஞ்சாம்பாறை மளிகைக்கடை:
நேத்து கரண்ட் போனப்ப நூல் கட்டி 160 தடவை உருட்டினோம். மூணு 43, பன்னெண்டு 9, தாயம் 17. இருபது வரணுமே, மிச்சம் மூணு எங்கப்பான்னு பொண்ணு கேக்கறா. கட்டை தேஞ்சு போச்சுங்கறாங்க எங்கம்மா.