தாத்தாவின் ஜெரி கர்ல் என் மகளுக்கும் வேண்டுமாம், சம்மதிக்கலாமா?

கேள்வி: சிகாகோ மருமகள்

போன மாதம் மாமனார் வீட்டு பேஸ்மென்டில் தண்ணீர் புகுந்துவிட்டது. மேல் அலமாரியில் இருந்ததால் இரண்டு புகைப்பட ஆல்பங்கள் மட்டும் தப்பித்தன. அவற்றைப் புரட்டும்போதுதான் இந்த வம்பு தொடங்கியது.

பின்புறம் பேனாவால் 1984 என்று எழுதிய ஒரு படம். சிகாகோவின் தென்பகுதியில், 79ஆம் தெருவில், யாருடைய காரின் மீதோ சாய்ந்தபடி மாமனார் நிற்கிறார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. நெற்றியிலிருந்து தோள்வரை கரிய சுருள்கள், ஜெரி கர்ல் என்று மருந்து போட்டுச் சுருட்டியவை. ஒவ்வொன்றும் அந்த நிமிடம்தான் குளத்தில் முங்கி எழுந்ததுபோல் மின்னுகிறது. வெள்ளைச் சட்டையின் காலர் மட்டும் பழுப்பாக இருக்கிறது. அந்தப் படத்தைப் பிடுங்கிக்கொண்டு போன என் பதினாறு வயது மகள் இன்னும் திருப்பித் தரவில்லை. அதே ஜெரி கர்ல் அவளுக்கும் வேண்டுமாம். அது மறுபடியும் வந்துகொண்டிருக்கிறது, பள்ளியில் இரண்டு பையன்கள் வைத்திருக்கிறார்கள் என்கிறாள்.

என் கணவர் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சிகாகோவில் வாழும் கறுப்பினக் குடும்பம். மகளின் முடியில் இரண்டு வீடும் கலந்திருக்கின்றன. உச்சியில் என்னுடையதுபோல் நெகிழ்ந்த அலை, பிடரியில் அவள் அப்பாவுடையதுபோல் மிக நெருக்கமான சுருள். பதினான்கு வயதில் ஒரு விழாவுக்காக ஒரு கடையில் ரிலாக்ஸர் போட்டு நேராக்கினோம். நான் தலையாட்டிய காரியம்தான், இன்றும் மனதுக்குள் உறுத்துகிறது. இருபது மாதமாக வேறு எந்த மருந்தும் போடவில்லை. தலை நனைந்தால் மேல்பகுதி சுருண்டு நிற்கிறது, கடைசி ஒரு சாண் நூல்போல் தொங்குகிறது.

கணவர் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். நாத்தனார் "சோபாவுக்கு உறை வாங்கி வை" என்கிறார். மாமனார் வாயே திறக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது உண்மையிலேயே திரும்பி வருகிறதா? அவளுடைய முடி தாங்குமா?

பதில் 1: சீப்பும் கத்திரியும்

அக்கா, ஹூஸ்டனில் பத்தொன்பது வருடமாக முடி வேலை செய்கிறேன். என் நாற்காலியில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: ரிலாக்ஸர் பட்ட முடியில் ஜெரி கர்ல் போடவே கூடாது. யார் போட்டுத் தருகிறேன் என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். பலர் இதை வெறும் சுருட்டும் வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் தளர்த்தி, பிறகு சுருட்டுவது. நெருக்கமாகச் சுருண்ட முடியில் அம்மோனியம் தயோகிளைகோலேட் களிம்பைத் தடவி இயற்கைச் சுருளை இளக்குகிறோம். அலசிவிட்டு, வேண்டிய தடிமனுள்ள ராடுகளில், அதாவது சுருட்டும் குச்சிகளில், பிரிவு பிரிவாகச் சுற்றி, அதே தயோவை நீர்த்த கரைசலாக இன்னொரு முறை விடுகிறோம். கடைசியில் நியூட்ரலைசர். முடியின் கெரட்டினில் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கின்றன. தயோ அந்தக் கைகளைப் பிரித்துவிடும். முடி ராடின் வளைவில் இருக்கும்போதே நியூட்ரலைசர் அவற்றைத் திரும்பக் கோத்துவிடும். அதனால்தான் அந்தச் சுருள் நிற்கிறது.

ரிலாக்ஸரில் இருப்பது ஹைட்ராக்சைடு. அது ஜோடிக் கந்தகத்தில் ஒன்றையே வெளியே தள்ளிவிடுகிறது. மிஞ்சுவது ஒற்றைக் கந்தகப் பிணைப்பு. லாந்தியோனைன் என்பார்கள். அதைத் தயோவால் திறக்கவும் முடியாது, நியூட்ரலைசரால் கோக்கவும் முடியாது. அந்த முடியில் தயோ வைத்தால் சுருள் விழாது. நனைந்த நூடுல்ஸ் மாதிரி இழுபட்டு, அலசும் தொட்டியிலேயே கையோடு வந்துவிடும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வேறொரு கடையில் அப்படி ஆகி, தலையில் துணி கட்டிக்கொண்டு என்னிடம் வந்த பெண்ணுக்கு நான் செய்ய முடிந்தது மிச்சத்தை ஒட்ட வெட்டியது மட்டும்தான்.

உங்கள் மகளுக்கு இரண்டாவது சிக்கலும் உண்டு. உச்சியும் பிடரியும் வேறு வேறு என்கிறீர்கள். பிடரி இளகுவதற்குள் உச்சி வெந்துவிடும். அனுபவமுள்ளவர் பிடரியில் தொடங்கி உச்சிக்குக் கடைசியில் வருவார். அவசரக்காரர் தலை முழுவதும் ஒரே நேரத்தில் பூசுவார்.

திரும்பி வருகிறதா என்றால், வருகிறது, ஆனால் வேறு பெயரில். பக்கங்களை ஒட்ட வெட்டி உச்சியில் மட்டும் சுருள் கேட்கும் பையன்கள் என்னிடம் மாதம் நாலைந்து பேராவது வருகிறார்கள். அவர்களிடம் "ஜெரி கர்ல்" என்றால் முகம் சுளிப்பார்கள். வேதியியல் அதேதான், எண்ணெய் வழிவது மட்டும் இல்லை.

ரிலாக்ஸர் எந்த வகை? டப்பாவின் பெயர் நினைவிருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

பதில் 2: பழைய டெட்ராயிட்காரன்

நான் 1983இல் படிக்க வந்தவன். என் அறைத்தோழன் கறுப்பின இளைஞன், நல்ல மனிதன், என் முதல் குளிர்காலக் கோட்டு அவன் கொடுத்ததுதான். இரவு படுக்கும்முன் தலையில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டுவான். காலையில் கிளிசரின் கலந்த ஆக்டிவேட்டரைப் புஸ் புஸ்ஸென்று அடிப்பான். முடி காய்ந்தால் சுருள் கெட்டுவிடும் என்பதால் மதியத்துக்கும் ஒரு சின்னப் பாட்டில் பையில் இருக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், கண்ணாடியில் தலை சாய்க்கும் உயரத்தில் வரிசையாக வட்ட வட்டமான எண்ணெய்க் கறைகள் தெரியும். அந்த வருடங்களில் டெட்ராயிட்டில் இருந்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

பெயரைப் பற்றி ஒரு வேடிக்கை. அந்தச் சுருளை உருவாக்கிய ஜெரி ரெடிங் ஒரு வெள்ளையர். 1907இல் இல்லினாயில் பிறந்தவர், அதாவது உங்கள் மாநிலத்துக்காரர். ரெட்கென், நெக்ஸஸ் இரண்டும் அவர் கைப்பட்ட முடிப் பராமரிப்பு நிறுவனங்கள். ஆனால் அந்தச் சுருளைக் கறுப்பின வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தவர்கள் கறுப்பினத் தொழில்முனைவோர். சான்டியாகோவில் முடிதிருத்தகம் நடத்திய வில்லி மாரோ 1970களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியா கர்ல் என்ற பெயரில் அதைப் பரப்பினார். கடைகளில் நூறு டாலருக்கு மேல் போய்க்கொண்டிருந்ததை, புரோ லைன் நிறுவனத்தின் கோமர் காட்ரெல் 8 டாலர் பெட்டியாக்கி, வீட்டுக் குளியலறையிலேயே போட்டுக்கொள்ளச் செய்தார். என் நண்பன் போட்டுக்கொண்டது அந்தப் பெட்டிதான், பின்பக்கம் சுற்றிவிட்டது நான்! அந்தப் பணத்தின் வலிமையில் காட்ரெல் 1989இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணியில் பங்குதாரரானார்.

எட்டு டாலர் பெட்டியோடு செலவு முடியவில்லை என்பதுதான் இதில் சூட்சுமம். பெட்டி ஒருமுறை, ஆக்டிவேட்டர் வாராவாரம். 1988இல் எடி மர்ஃபி படமொன்றில் ஒரு குடும்பம் சோபாவிலிருந்து எழுந்ததும் மூன்று எண்ணெய்த் திட்டுகள் தெரியும் காட்சி வந்தது. திரையரங்கம் முழுக்கச் சிரித்தது. என் நண்பனும் சிரித்தான். அடுத்த வாரம் மழுங்க வெட்டிக்கொண்டு வந்து நின்றான். உங்கள் நாத்தனார் சோபா உறை பற்றிச் சொன்னது அந்தக் காட்சியை மனதில் வைத்துத்தான்.

பதில் 3: ஒரு சொல்

எதற்கு இந்த வேலை? தலையில் இயல்பாக முளைப்பதை அப்படியே வைத்துக்கொண்டு பள்ளிக்கும் வேலைக்கும் போகும் உரிமைக்காக, கிரௌன் சட்டம் என்று மாநிலம் மாநிலமாகப் போராடியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2019இல்தான் முதன்முதலாக வந்தது. அந்தச் சுதந்திரம் கையில் கிடைத்த தலைமுறைப் பிள்ளை மறுபடியும் மருந்து டப்பாவைத் தேடுகிறாள். புற்றுநோய் என்றெல்லாம் செய்தி வந்ததே, படிக்கவில்லையா?

பதில் 4: சீப்பும் கத்திரியும்

அந்தச் செய்தியைச் சரியாகச் சொல்லிவிடுவோம். 2022 அக்டோபரில் வெளியான அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு அது. ஏறத்தாழ 34,000 பெண்களைப் பதினொரு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ரிலாக்ஸர் போன்ற நேராக்கிகளைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அதே ஆய்வில் சாயத்துக்கும், மருந்து வைத்துச் சுருட்டும் பெர்முக்கும் அந்தத் தொடர்பு தென்படவில்லை. அதனால் தயோ தேன் என்று நான் சொல்லவில்லை. உச்சந்தலையில் புண் இருந்தால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. ஆனால் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டாதீர்கள்.

சுதந்திரம் பற்றி ஒரு வார்த்தை. சுருட்டிக்கொள்வதும் அதில் சேர்த்திதான் என்பது என் கட்சி.

பதில் 5: சிகாகோ மருமகள்

எல்லோருக்கும் நன்றி. டப்பா கிடைக்கவில்லை, ஆனால் கடையில் தந்த ரசீது மின்னஞ்சலில் இருந்தது. "லை இல்லாத ரிலாக்ஸர்" என்று போட்டிருக்கிறது. "பார்த்தாயா அம்மா, லை இல்லை, அப்படியானால் பிரச்சினை இல்லை" என்று மகள் குதிக்கிறாள். அப்படியா?

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மாமனார் தாமாகவே பேச்சை எடுத்தார். அவர் அப்போது இரவு ஷிப்டில் கிடங்கு வேலை பார்த்தாராம். ஜனவரியில் விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது தொப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சுருள்கள் விறைத்துப்போய், தலையைத் திருப்பினால் ஒன்றோடொன்று டக்டக்கென்று மோதுமாம். "ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவு நான் கதவைத் திறந்து உள்ளே போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்" என்றார். மாமியார் அடுப்படியிலிருந்து, "தலையணை உறை துவைத்தது நான்" என்றார். இருவரும் அதற்குமேல் பேசவில்லை.

பதில் 6: சீப்பும் கத்திரியும்

அக்கா, லை என்பது சோடியம் ஹைட்ராக்சைடு மட்டும். லை இல்லாத வகையில் கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் கலந்து வேலை செய்யும். தலைத்தோலுக்குக் கொஞ்சம் இதம், அவ்வளவுதான். முடிக்குள் நடப்பது அதே சங்கதி. மகளிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள், பழியை என்மேல் போடுங்கள்.

ஆனால் வழி இருக்கிறது. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் இருபது மாதத்தில் இருபது சென்டிமீட்டர் மருந்து படாத முடி வளர்ந்திருக்கிறது. நனைத்தால் நேராகத் தொங்கும் அந்தக் கடைசி ஒரு சாணை வெட்டிவிட்டால் மிஞ்சுவது முழுக்க அவளுடைய சொந்த முடி. அதில் முதலில் மருந்தே இல்லாமல், ஈர முடியை மூஸ் தடவி ராடில் சுற்றி, ஹூட் டிரையரின் கீழ் முழுதாகக் காயவைத்துப் பாருங்கள். தலை குளிக்கும்வரை நிற்கும். உச்சிக்குப் பருமனான ராடு, பிடரிக்கு மெல்லியது. இரண்டு மாதம் அப்படி வைத்துப் பார்த்த பிறகும் தயோ வேண்டும் என்றால், பிடரியில் ஒரு கீற்று எடுத்துச் சோதித்துவிட்டுச் செய்யட்டும். வேர் வளர வளரப் புது முடிக்கு மட்டும் திரும்பப் போடவேண்டும், பழையதன் மேல் படக்கூடாது. இந்தத் தொல்லையைக் கேட்டதுமே பாதிப் பேர் ராடு போதும் என்பார்கள்.

பதில் 7: சிகாகோ மருமகள்

சனிக்கிழமை வெட்டினோம். நான் பயந்ததுபோல் அவள் அழவில்லை. தரையில் கிடந்த நேர்முடியைப் பார்த்து நான்தான் கொஞ்சம் தொண்டை அடைத்து நின்றேன். ராடு சுற்ற இரண்டரை மணி நேரம். மாமனாரும் கடைக்கு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை இருந்தார். ராடுகளைக் கழற்றியதும் எழுந்து வந்து, ஒரு சுருளை இழுத்து விட்டுப் பார்த்தார், பிறகு விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார்.

"காய்ந்திருக்கிறதே" என்றார்.

"அப்படித்தான் தாத்தா இப்போது" என்றாள் மகள். வீட்டுக்கு வரும் வழியில் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்து அந்த 1984 படத்தை நடுவில் வைத்து ஒரு செல்ஃபி எடுத்தார்கள். படத்தை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை.