புளியந்தீவில் உள்ள பழைய வணிகர் வீடு: ஜோர்ஜியன் என்று சொல்லலாமா?

கேள்வி (புளியந்தீவிலிருந்து)

வணக்கம். மட்டக்களப்பு வாவியைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் இரண்டு தட்டு வீடு அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. கீழே முன்பக்கம் கடையும் அதன் பின்னால் நெல்லும் கொப்பறாவும் அடுக்கிய கிட்டங்கியும், மேலே குடும்பம் வாழ்ந்த அறைகளும், பின்புறத்தில் தோணிகள் வந்து சேர்ந்த கற்படித் துறையும் இருக்கின்றன. சுவர்கள் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை முழுவதும் பறந்த பின்னரும் சுவரில் வெடிப்பு விழவில்லை என்று அம்மா சொல்வார். இப்போது கீழ்ச்சுவர்களில் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்வதால், இடித்துவிட்டுக் கடைத்தொகுதி கட்டலாம் என்கிறார்கள் சகோதரிகள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாழும் மச்சானோ, படங்களில் முகப்பின் சமச்சீரையும் யன்னல் வரிசையையும் பார்த்து, இது ஜோர்ஜியன் கல்வீடு, அப்படிச் சொன்னாலே மதிப்புக் கூடும் என்கிறார். இது சரியா? இந்த வீட்டின் மரபு மதிப்பை எதைக் கொண்டு அளப்பது?

மறுமொழி 1 (கல்லடியிலிருந்து)

நான் சில ஆண்டுகள் பிரிஸ்டலில் இருந்தவன். ஜோர்ஜியன் என்பது பிரித்தானியாவை 1714 முதல் 1830 வரை நான்கு ஜோர்ஜ் மன்னர்கள் ஆண்ட காலத்தைக் குறிக்கும் பெயர்; முகப்பின் சமச்சீர் மட்டும் அதற்கு ஆதாரமாகாது. அந்நகரில் ஜோன் பின்னி என்ற சீனி வணிகருக்காக 1790 அளவில் கட்டப்பட்ட கல்வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது முகப்பு அல்ல. நிலத்துக்குக் கீழே சமையலறை, மேலே வரவேற்பு அறைகள் என்று அந்த வீட்டின் வாழ்க்கைமுறை தட்டுத் தட்டாகக் குலையாமல் இருப்பதும், பின்னியின் செல்வம் கரீபியன் கடலில் உள்ள நெவிஸ் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் வந்தது என்பதையும், அவ்வீட்டிலேயே வாழ்ந்த பீரோ என்ற அடிமையின் கதையையும் மறைக்காமல் சொல்வதுமே அதன் பெருமை. பீரோவின் பெயரில் 1999 இல் அந்நகரில் ஒரு பாலமும் திறக்கப்பட்டது.

உங்கள் வீட்டையும் அந்தக் கண்ணால் பாருங்கள். கடை, கிட்டங்கி, துறை, மேல்வீடு ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழும் அதன் ஓரத்திலும் இன்றும் பிரியாமல் இருப்பது, வாவியே தெருவாக இருந்த காலத்தின் நேரடிச் சாட்சி. கல்முனைக்கு மேற்கே ஓர் ஊருக்கே கிட்டங்கி என்று பெயர் இருப்பதை நினைத்துப் பாருங்கள். முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்பக்கத்தை இடித்தால் மதிப்பின் பெரும்பகுதி போய்விடும். மூட்டை சுமந்தவர்களைப் பற்றி அம்மாவுக்கு நினைவிருப்பதையும் எழுதி வையுங்கள்.

காலத்தை அறியப் பழைய ஓடு ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஓட்டு ஆலை தொடங்கியது 1865 இல். ஓட்டிலேயே அந்த எண் பொறித்திருந்தாலும், அது ஆலை தொடங்கிய ஆண்டே தவிர ஓடு வார்த்த ஆண்டு அல்ல. ஓடு கூரையின் வயதைச் சொல்லுமே அன்றிச் சுவரின் வயதைச் சொல்லாது என்பதையும் மறக்க வேண்டாம்.

மறுமொழி 2 (கல்முனையிலிருந்து, கட்டட வேலை செய்பவர்)

தம்பி, அவசரப்பட்டுச் சீமெந்து பூசிவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு இல்லாததால் நிலத்து நீர் உப்போடு மேலேறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே உலரவிடும், சீமெந்துப் பூச்சோ உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் இன்னும் உயரே ஏறி, உப்புப் பூத்து, கல்லையே மாவாக்கும். முதலில் வெளியே காலப்போக்கில் உயர்ந்துவிட்ட மண்ணை வெட்டி இறக்கி, மழைநீர் சுவரடியில் தேங்காமல் வடிய வழி செய்யுங்கள். பிறகு நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பால் பூசத் தெரிந்த மேசனைத் தேடுங்கள். இந்த ஈரத்துக்காக வீட்டை இடிக்கத் தேவையில்லை.

மறுமொழி 3 (மட்டக்களப்பு நகரிலிருந்து)

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்தியவற்றையே பழைமையான நினைவுச்சின்னங்களாகக் கொண்டாலும், அதற்குப் பிந்திய கட்டடங்களையும் வர்த்தமானி வழியாகப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்க இடமுண்டு. அறிவித்தபின் மாற்றம் செய்ய அனுமதி வேண்டியிருக்கும் என்பதால், சகோதரிகளோடு பேசி முடித்த பிறகே விண்ணப்பியுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சமையற்கட்டின் பின்னால் சூறாவளிக்குப் பிறகு அடுக்கி வைத்த உடைந்த ஓடுகளைப் புரட்டினேன். பாசல் மிஷன் முத்திரை தெளிவாகத் தெரிகிறது. ஜோர்ஜியன் என்ற பெயரைச் சொல்ல ஆதாரமில்லை என்று மச்சானுக்கு எழுதிவிட்டேன். சீமெந்து வேலைக்குப் பேசியிருந்தவரை நிறுத்தியிருக்கிறேன். துறையில் ஒன்பது படிகள் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. வருகிற ஞாயிறு அங்கிருந்தே அளந்து வரையத் தொடங்குகிறோம். மூத்த சகோதரியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.