ஆடு கொடுத்துக் குட்டி திருப்பி வாங்கும் திட்டம்: எங்கே தவறும்?

வைப்பாறு:
சாத்தூர் பக்கம் மானாவாரிக் கிராமம். கணவரை இழந்த, நிலமில்லாத 10 பெண்களுக்குத் தலா 2 பெட்டை ஆடு (கன்னி என்ற நாட்டு இனம்) கொடுக்க ஊர்க்காரர்கள் பணம் சேர்த்திருக்கிறார்கள். முதல் ஈற்றில் வரும் 2 பெட்டைக்குட்டிகளை அடுத்த குடும்பத்துக்குத் தர வேண்டும் என்பது பேச்சு. ஐப்பசியில் சந்தையில் மொத்தமாக வாங்கி அன்றே கொடுத்துவிடலாமா? ஆடு செத்தால் யார் பொறுப்பு?

கரிசல்மேடு:
ஐப்பசியில் வேண்டவே வேண்டாம். அடைமழை, ஈரத்தரை, புது இடம், பயண அலைச்சல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் முதலில் சளி பிடிக்கும், அடுத்து கழிச்சல் வரும். அந்த மழையில் ஆட்டுத் தீவனத்துக்கான தழை மரம், செடிகளை நடுங்கள்: சவுண்டல் (சூபாபுல்), வேலிமசால், தண்ணீர் வசதி இருந்தால் அகத்தி. சுற்றிலும் முள்வேலி கட்டாயம், இல்லையென்றால் ஊர் ஆடே தின்றுவிடும். ஆட்டைத் தை மாதம் வாங்குங்கள். சித்திரையில் மேய்ச்சல் வற்றும்போது ஒரு பெட்டைக்கு நாளுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தழை வேண்டும். அது இல்லாத வீட்டில்தான் ஆட்டை விற்றுவிடுகிறார்கள். சவுண்டல் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, முடி கொட்டும்.

சந்தையில் பல ஊர் ஆடு கலக்கும். ஆட்டுக்கொல்லி நோய் அங்கிருந்துதான் ஏறி வரும். முடிந்தவரை பக்கத்து ஊரில் தெரிந்த ஒரே மந்தையிலிருந்து, இரண்டு பல் போட்ட, அதாவது ஒரு வயது தாண்டிய பெட்டையாக எடுங்கள். எங்கே வாங்கினாலும் 21 நாள் தனிப்பட்டியில் நிறுத்துங்கள். மூன்றாம் நாள் எடை போட்டுக் குடற்புழு மருந்து. கண்மதிப்பில் கொடுத்தால் அளவு குறைந்து புழு மருந்துக்குப் பழகிவிடும். சினையாடு என்றால் மருந்தை மருத்துவர் முடிவு செய்யட்டும், ஆரம்பச் சினையில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்து ஆகாது. ஒரு வாரம் கழித்து ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி. இந்த மருந்தைக் கரைத்த பிறகு ஐஸில் வைத்துச் சீக்கிரமே போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பியில் பல ஆடுகளுக்கான மருந்து இருக்கும். அதனால் ஒரே காலையில் ஊர் ஆடு அத்தனைக்கும் போட்டுவிடுங்கள். உங்கள் 20 ஆட்டுக்கும் அதுதான் காப்பு, மேய்ச்சல் ஒரே இடத்தில்தானே. துள்ளுமாரி (குடலில் நஞ்சேறும் நோய்) ஊசி ஆண்டுதோறும் மழைக்கு முன்னால். மழை முடிந்து இளம்புல்லை மேயும்போதுதான் அது வெடிக்கும்.

தோட்டிலோவன்பட்டி:
ஒப்பந்தத்திலேயே கணக்கு தவறுகிறது. முதல் ஈற்றில் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான், அதில் பாதி கிடா. "முதல் ஈற்றில் 2 பெட்டை" என்று எழுதினால் பல வீடுகள் தங்கள் குற்றமில்லாமலே கடன்காரர் ஆவார்கள். இரண்டு ஆண்டுக்குள் 2 பெட்டை என்று எழுதுங்கள். 3 மாதத்தில் பால் மறக்கும், ஆனால் உடனே கை மாற்றக் கூடாது. 6 மாதம் ஆகி, 10 கிலோ தாண்டி, ஊசி போட்ட குட்டியைத்தான் கொடுக்க வேண்டும். கிடாக்குட்டி முழுக்க வளர்த்தவருக்கே. கைக்குக் காசு வருவது அதில்தான்.

1944-இல் போர்ட்டோ ரிக்கோவுக்குக் கிடாரிகளை அனுப்பியதில் தொடங்கி ஹெய்ஃபர் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு பல நாடுகளில் செய்துவருவதும் இதே முறைதான். நம் பக்கம் வாரத்துக்கு (குட்டியில் பங்கு பேசி வளர்க்க) ஆடு விடுவதற்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம்: பங்குக்கு விட்டால் ஆட்டுக்காரர் ஏழு நாளுக்கு ஒருமுறை வந்து பார்ப்பார், இதில் பார்க்க ஆளில்லை. ஆகவே அடுத்து வாங்கப்போகிற 10 பெயரையும் முதல் நாளே ஊர்க்கூட்டத்தில் சொல்லி, இப்போது வாங்குகிறவரோடு ஜோடி சேர்த்துவிடுங்கள். தன் வீட்டுக்கு வரப்போகிற குட்டி என்றால் அவர் தினமும் எட்டிப் பார்ப்பார், தழை வெட்டித் தருவார்.

கிடைக்காவல்:
கிடா பற்றி யாருமே சொல்லவில்லை. 20 பெட்டைக்கு ஒரு நல்ல கிடா போதும், ஆனால் அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் வேறு ஊர்க் கிடாவோடு மாற்றிவிட வேண்டும். மற்ற கிடாக்குட்டிகளுக்கு 3 மாதத்துக்குள் விதை நசுக்கிவிடுங்கள், இல்லையென்றால் மேய்ச்சலில் தாயையே ஏறும். பிறக்கும் குட்டி மெலியும், சாவு கூடும்.

பொறுப்பு பற்றி: காப்பீடு போட்டுக் காதுவில்லை (காதில் மாட்டும் அடையாள எண்) மாட்டுங்கள். செத்த அன்றே தகவல், பிரேதப் பரிசோதனைச் சான்று, காதுவில்லை மூன்றும் இருந்தால் இழப்பீட்டில் வேறு பெட்டை வாங்கலாம். வில்லை விழுந்தால் உடனே புதிது மாட்டுங்கள், அது இல்லாமல் பணம் வராது.

வைப்பாறு:
நன்றி. தையில் வாங்குகிறோம், ஒப்பந்தத்தையும் மாற்றிவிடுகிறோம். நூறு நாள் வேலைக்குப் போகிற அன்று மேய்க்க ஆளில்லை என்கிறார்கள், அதற்கு?

கரிசல்மேடு:
ஐந்து ஐந்து வீடாகப் பிரித்து முறை வைத்து மேயுங்கள். 10 ஆட்டை ஒருவரே பார்த்துக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் மட்டும் மேய்ச்சலுக்குப் போகாமல் வீட்டுப் பட்டியிலேயே இருக்கட்டும்.